ஆட்டத்துக்கு ஒரு மண்டகப்படிக்காரர்

கால்பந்தை எப்படி நிர்வாகம் செய்வது என்று யாராவது பேச ஆரம்பித்தால் எனக்கு முதலில் வலது முழங்கால் வலிக்கும், பிறகு கோபம் வரும். தேசிய சம்மேளனத்துக்குத் தலைவர் யார், உபதலைவர்கள் எத்தனை பேர், பயிற்சியாளர் செயலாளருக்கு மேலேயா கீழேயா என்று பேப்பரில் பத்தி பத்தியாக எழுதுகிறார்கள். எல்லாரும் படித்த மனிதர்கள்தான். ஆனால் காயம்பட்ட ஒரு ஆட்டக்காரனைப் பார்த்து, "இன்னைக்கு நீ உட்காரு" என்று சொல்கிற அதிகாரம் யாருக்கு என்று ஒருத்தராவது எழுதுகிறாரா? எழுத மாட்டார்கள். அந்த வேலைக்கு மாலையும் கிடையாது, நடு நாற்காலியும் கிடையாது.

இதைச் சொல்ல எனக்கு யோக்கியதை உண்டு. நான் படித்தது ஐந்தாம் வகுப்பு. ஆனால் நிர்வாகம் சரியில்லாமல் போனால் என்ன ஆகும் என்பதைக் காலில் கட்டிக்கொண்டு இத்தனை வருஷம் நடந்திருக்கிறேன். மாடிப்படி ஏறும்போதெல்லாம் அந்த நிர்வாகக் குழு முழுவதும் என் ஞாபகத்துக்கு வருகிறது.

நாற்பதுகளில் தாராவியில் எங்களுக்கு ஒரு டீம் இருந்தது. தோல் ஷாப்பிலும் மில்லிலும் ரயில் ஒர்க்‌ஷாப்பிலும் வேலை பார்த்த திருநெல்வேலிக்காரர்கள் நாங்கள். எல்லாரும் வெறுங்காலில் கணுக்காலுக்குத் துணி சுற்றிக்கொண்டு ஆடுவோம். பக்கத்திலேயே மாட்டுங்காவில் பாலக்காட்டுக் குடும்பத்துப் பிள்ளைகள் இன்னொரு டீம் வைத்திருந்தார்கள். அவர்கள் ஆபீஸ் உத்தியோகக்காரர்கள். அவர்களிடம் மைதானமும் இங்கிலீஷும் இருந்தன, எங்களிடம் கால் இருந்தது. கோட்டைப் பக்கம் நடக்கிற நகர லீகில் தமிழருக்கென்று ஒரு டீம் வேண்டும் என்று இரண்டு பக்கத்துப் பெரியவர்களும் முடிவு செய்து, இரண்டையும் ஒன்றாகச் சேர்த்தார்கள். நான் சென்டர் ஹாஃப். கூச்சப்பட்டு என்ன ஆகப்போகிறது, நன்றாகவே ஆடுவேன்.

சேர்ப்பதற்கான கூட்டம் மாட்டுங்காவில் ஒரு பஜனை ஹாலில் நடந்தது. தலைவர் யார் என்பதில் சண்டை வரவில்லை. ரயில்வேயில் பெரிய அதிகாரியாக இருந்து ஓய்வு பெற்று, செம்பூரில் தோட்டத்தோடு வீடு கட்டிக்கொண்டு போனவர் ஒருவர் இருந்தார்; அவரைப் பார்த்தாலே எங்கள் ஆட்கள் எழுந்து நிற்பார்கள். உபதலைவர்கள் என்று ஒரு வரிசை நாற்காலி நிறைய ஆட்களைப் போட்டார்கள். பதினொரு பேரை யார் பொறுக்குவது என்ற இடத்தில்தான் வண்டி நின்றது. செயலாளர் என்றார்கள் மாட்டுங்காக்காரர்கள், ஏனென்றால் செயலாளர் அவர்கள் ஆள். காப்டன் என்றார்கள் எங்களவர்கள், ஏனென்றால் காப்டன் எங்கள் ஆள். சத்தம் ஏறி, இரண்டு பக்கமும் ஜமக்காளத்தை உதறிவிட்டுப் புறப்படத் தயாரானபோது என் மாமா எழுந்தார்.

மாமா என் அம்மாவின் தம்பி. என்னை பம்பாய்க்குக் கூட்டி வந்தவர். தோல் ஷாப்பில் மேஸ்திரி. அவரும் அத்தையும் நானும் சால் என்கிற வரிசைக் குடியிருப்பில் ஒரே கோலியில், ஒற்றை அறையில், இருந்தோம். தாராவியில் பெரிய குரல், மாட்டுங்காவுக்கு வந்தால் துண்டைக் கையில் எடுத்துக்கொண்டு ஓரமாக நிற்கிறவர். அன்றைக்கு என்ன தைரியமோ, பேசினார்.

"எங்க ஊர்ல திருவிழான்னா நாளுக்கு ஒருத்தரு மண்டகப்படி. அவரு நாளைக்கு அவருதான் எல்லாம். மாலை, பரிவட்டம் எல்லாம் அவருக்குத்தான். மறுநாளு அடுத்த ஆளு. சண்டையே கெடையாது. பந்துக்கும் அப்படி வச்சிக்கிட்டா என்ன?"

 தலைவர் தொடையில் தட்டினார். "பேஷ். இதைவிட ஜனநாயகம் உண்டா? நம்ம ராமநவமி உற்சவத்துல நாள் உபயம் வச்சுக்கறோமே, அதே ஏற்பாடாக்கும்."

இரண்டு பக்கமும் கை தட்டினார்கள். மாமாவுக்கு அன்றைக்கு ஹாலின் முன்வரிசையில் காபி கொடுத்தார்கள். வீட்டுக்கு வந்து அத்தையிடம் அதைத்தான் சொல்லிக்கொண்டிருந்தார். அவர் சொல்லி மாட்டுங்கா கேட்டது அது ஒன்றுதான்.

ஏற்பாடு இதுதான். ஒவ்வொரு ஆட்டத்துக்கும் ஒரு மண்டகப்படிக்காரர். அன்றைக்கு லாரி, சோடா, எலுமிச்சம்பழம், புதுப் பந்து எல்லாம் அவர் செலவு. பதிலுக்கு அவருக்கு மாலை, நடு நாற்காலி, கோல் கம்பத்தில் முதல் தேங்காய். பதினொரு பேரைப் பொறுக்குகிற உரிமையும் அவருக்கு. ஒரு ஆட்டத்தில் மண்டகப்படிக்காரரின் மாப்பிள்ளை கோல்கீப்பராக நின்றார். கல்யாணம் ஆகி முதல் ஆடி, மாப்பிள்ளைக்கு மரியாதை செய்ய வேண்டுமாம். மரியாதை பலமாகவே நடந்தது, பந்து அவரைத் தாண்டி உள்ளே போய்க்கொண்டே இருந்தது. இன்னொருவர் இடது பக்கம் ஆடுகிறவனை வலது பக்கம் போட்டார். ஏன் என்று கேட்டதற்கு, "பார்வைக்கு நல்லா இருக்கும்" என்றார்.

அப்போது நாங்கள் சிரித்தோம். எங்கே தப்பு நடந்தது என்று பிறகு யோசித்துப் பார்த்தால் தலையில் அடித்துக்கொள்ளத் தோன்றுகிறது. எந்தக் கோயிலிலும் மண்டகப்படிக்காரர் கருவறைக்குள் போய் அபிஷேகம் செய்வதில்லை. அதற்கு அர்ச்சகர் தனியாக இருக்கிறார். எப்பேர்ப்பட்ட பணக்காரனாக இருந்தாலும் படிக்கு வெளியேதான் கைகட்டி நிற்க வேண்டும். நாங்கள் மண்டகப்படியை மட்டும் எடுத்துக்கொண்டு அர்ச்சகரை விட்டுவிட்டோம். தேசிய சம்மேளனத்துக்கு நான் ஒன்று எழுதிப் போடுவதாக இருந்தால் இதைத்தான் எழுதுவேன். மாலைக்கு ஒருத்தரை வையுங்கள், எத்தனை பேரை வேண்டுமானாலும் வையுங்கள். பூஜைக்கு ஒருத்தரை வையுங்கள். இருவரும் ஒருவர் வேலையை ஒருவர் தொடக் கூடாது.

நாடு விடுதலையான அந்த மழைக்காலத்தில் ஒரு செய்தி வந்தது. வெளிநாட்டுக்குப் போகப்போகிற இந்திய டீமுக்கு ஆள் எடுக்கிறார்கள், பம்பாய் மாகாணத்திலிருந்து ஆட்களைக் கூப்பிட்டுத் தீபாவளி கழித்து ஒரு தேர்வு ஆட்டம் வைக்கப்போகிறார்கள் என்று. லீக் ஆட்டங்களைப் பார்க்க மாகாண ஆட்கள் இரண்டு பேர் குடையோடு வந்து உட்கார்ந்தார்கள். அடுத்த வாரம் எங்கள் செயலாளர் மாட்டுங்கா ஸ்டேஷனில் என்னைப் பிடித்து, "டேய், லிஸ்ட்ல உன் பேர் இருக்குடா" என்றார்.   அன்று சாயந்தரம் அத்தை கோலி வாசலில் நின்று போகிற வருகிறவர்களிடமெல்லாம், "எங்க புள்ள கப்பல்ல போப்போறான்" என்று சொன்னாள். நான் போய் அவளை உள்ளே இழுத்து வந்தேன். இழுத்து வந்தேனே தவிர, எனக்கும் கப்பல்தான் கண்ணில் நின்றது. ஒர்க்‌ஷாப்பில் எண்ணெய்க் கையோடு நிற்கும்போதும் அதே நினைப்பு.

சுதந்திரக் கொடி ஏற்றின வாரம் கழிந்து ஒரு ஆட்டம். நல்ல மழை. சேற்றில் கால் புதைந்து நின்றது, உடம்பு மட்டும் திரும்பியது. முழங்காலுக்குள் என்னவோ நழுவியது. அன்றைக்கு எப்படியோ ஆடி முடித்தேன். மறுநாள் கால் பூசணிக்காய் போல வீங்கியிருந்தது.

எங்கள் உபதலைவர்களில் ஒருவர் டாக்டர். மாட்டுங்காவில் டிஸ்பென்ஸரி வைத்திருந்தார். தங்கமான மனுஷர், தாராவி ஆட்களிடம் பாதி நாள் காசே வாங்க மாட்டார். அவர் என் முழங்காலை மடக்கிப் பார்த்தார், பக்கவாட்டில் அசைத்துப் பார்த்தார்.

"உள்ளே நார் பாதி அறுந்திருக்குடா. சும்மா விட்டா கூடிடும். இதோட ஆடினேன்னா மிச்சமும் போயிடும், அப்புறம் ஒட்டாது. தீபாவளி வரைக்கும் பந்தைத் தொடப்படாது, கேட்டியா?"

"தேர்வு ஆட்டம் தீபாவளி கழிச்சுத்தான் சார்."

"அதுக்குத்தான் சொல்றேன். இப்போ உட்கார்ந்தா அப்போ ஆடலாம்."

இவ்வளவு தெளிவாகச் சொன்னார். நான் நொண்டிக்கொண்டே அடுத்த ஆட்டத்து மண்டகப்படிக்காரர் வீட்டுக்குப் போனேன். அவர் தாராவியில் பலசரக்குக் கடை வைத்திருந்தார். காலைப் பார்த்து உச்சுக் கொட்டினார். "அய்ய, எப்படி வீங்கியிருக்கு பாரு. கண்டிப்பா நீ ஓய்வெடுக்கணும்டே. என் நாளு மட்டும் ஆடிக் குடுத்துரு. சாலே தெரண்டு வருது, நீ இல்லன்னா என் மொகம் எங்கன போய்ச் சேரும்? அதுக்கடுத்தது மாட்டுங்காக்காரர் நாளு, அவருகிட்ட நான் சொல்லுதேன்."

ஆடினேன். அடுத்தவர் வீட்டுக்குப் போனேன். அவர் இன்சூரன்ஸ் கம்பெனியில் வேலை பார்த்தார். காபி கொடுத்தார், வருத்தப்பட்டார். "தாராவிக்காரர் நாளைக்கு ஆடிட்டு என் நாளைக்கு மாட்டேன்னா நாலு பேர் என்னடா நினைப்பா? ஜாதி பார்த்து ஆடறான்னு உன்னைத்தான் சொல்லுவா. எனக்கடுத்த ஆளைக் கேட்டுக்கோ, ஒண்ணும் ஆட்சேபிக்க மாட்டார்."

அதற்கும் ஆடினேன். இதில் யாரையும் கெட்டவர் என்று என்னால் சொல்ல முடியவில்லை, அதுதான் எனக்கு இன்றைக்கும் வயிற்றெரிச்சல். எல்லாருக்கும் என் மேல் உயிர். ஒவ்வொருவருக்கும் வருஷத்தில் ஒரே ஒரு நாள், அந்த நாளில் நான் வேண்டும். செம்பூருக்குப் போய்த் தலைவரைப் பார்த்தேன். அவர் தோட்டத்தில் ரோஜாவுக்கு மண் அணைத்துக்கொண்டிருந்தார். "ஆள் பொறுக்கறது என் டிபார்ட்மெண்ட் இல்லைடா. சட்டப்படி அது அன்னன்னிக்கு உபயக்காரர் பொறுப்பு. நான் தலையிட்டா சர்வாதிகாரம்னு சொல்லுவா" என்றார். திரும்பும்போது ஸ்டேஷன் வரைக்கும் தன் குதிரை வண்டியில் அனுப்பி வைத்தார்.

பிறகு டாக்டரின் நாள் வந்தது. அப்பாடா, தப்பித்தோம் என்று போனேன். அவர் என்னைப் பெஞ்சில் உட்கார வைத்து முழங்காலை ரொம்ப நேரம் பார்த்தார். என் முகத்தைப் பார்க்கவில்லை.

"என் சம்பந்தி கல்யாண் டவுன்லேர்ந்து வர்றார்டா. ஆபீஸ் பூரா கூட்டிண்டு வர்றார். டீம் ஒரே ஒரு பாயிண்ட்தான் பின்னாடி இருக்கு. இன்னிக்கு ஒரு நாள் இறுக்கக் கட்டி விடறேன்."

தன் கையாலேயே கட்டினார். வலிக்கிறதா, வலிக்கிறதா என்று கேட்டுக் கேட்டுக் கட்டினார். டிஸ்பென்ஸரியில் அவர் டாக்டர், மைதானத்தில் அன்றைக்கு அவர் மண்டகப்படிக்காரர். ஒரே ஆள் இரண்டு பதவியில் உட்கார்ந்தால் மாலை போட்டவன்தான் ஜெயிப்பான். சம்மேளனத்தில் வைத்தியருக்குத் தனி நாற்காலி போடுங்கள். அவருக்கு வேறு எந்தப் பதவியும் கொடுக்காதீர்கள், சாமி, புண்ணியமாகப் போகும்.

லீகில் எங்களுக்குக் கடைசி ஆட்டம் மாமாவின் மண்டகப்படி. அதை ஜெயித்தால் நாங்கள் மேல் பிரிவுக்கு ஏறிவிடுவோம். மாமா அந்த நாளுக்காக எவ்வளவு ஆசையோடு இருந்தார் என்று எனக்குத் தெரியும். ஊரிலிருந்து புது வேட்டி வரவழைத்திருந்தார். அதனால் நான் அவரிடம் கேட்கவே இல்லை, ஆடிவிடலாம் என்றுதான் இருந்தேன். முதல் நாள் சாயந்தரம் நான் வெந்நீர் ஒத்தடம் கொடுத்துக்கொண்டிருந்தபோது அவராக வந்து பக்கத்தில் உட்கார்ந்தார்.

"மருமவனே, நாளைக்கு நீ ஆட வேண்டாம்."

நான் நிமிர்ந்து பார்த்தேன்.

"ஏன் மாமா? சாலே வருது."

"வரட்டும். வந்து என்னையப் பாக்கட்டும். என் நாளுலா? நான்தானே பதினோரு பேரு சொல்லணும்? உன் பேரச் சொல்ல மாட்டேன். நீ கப்பல்ல போவணும்லா."

அத்தை அடுப்படியிலிருந்து, "இப்பமாவது ஒருத்தருக்குப் புத்தி வந்துச்சே" என்றாள்.  ஒரு மாசமாக நான் வீடு வீடாகப் போய்க் கேட்டது, கேட்காமலே கிடைத்தது. மாமாவைக் கட்டிக்கொள்ள வேண்டும் போல இருந்தது. எங்களுக்குள் அந்தப் பழக்கம் இல்லை, அதனால் தலையை மட்டும் ஆட்டினேன்.

மைதானத்தில் மாமா நடு நாற்காலியில் உட்கார்ந்தார். மாலை போட்டார்கள். பதினொரு பேரையும் வாயாலேயே சொன்னார், என் பேரை விட்டுவிட்டார். எங்கள் ஆட்கள், "அண்ணாச்சி, என்ன இது, சொந்த மருமவனையே விட்டுட்டீரே" என்று கத்தினார்கள். "என் நாளு, நான் சொன்னது சொன்னதுதான்" என்றார் மாமா. அவர் அப்படிப் பேசி நான் கேட்டதில்லை. நான் காலை நீட்டிப் புல்லில் உட்கார்ந்திருந்தேன். எனக்குப் பெருமையாக இருந்தது.

ஆட்டம் தொடங்குவதற்குக் கொஞ்சம் முன்னால் தலைவர் வந்தார். செம்பூரிலிருந்து வர வேண்டும், தாமதமாகத்தான் வருவார். கூட யாரோ ஒரு வெள்ளைக்காரத் துரையையும் அழைத்து வந்திருந்தார். அவரைப் பார்த்ததும் மாமா எழுந்துவிட்டார். எழுந்ததோடு நிற்கவில்லை. தன் கழுத்து மாலையைக் கழற்றி அவருக்குப் போட்டு, நடு நாற்காலியைத் துண்டால் தட்டிவிட்டு, "நீங்க இருக்கணும் சார்" என்றார். ஊர்த் திருவிழாவிலும் அப்படித்தான். பெரிய இடத்து மனிதர் வந்துவிட்டால் அன்றைய மரியாதை அவருக்குப் போய்விடும், மண்டகப்படிக்காரர் பக்கத்தில் நிற்பார். அதை யாரும் மாமாவுக்குச் சொல்லிக் கொடுக்க வேண்டியதில்லை.

தலைவர் உட்கார்ந்தார். என்னைப் பார்த்தார்.

"என்ன, நம்ம சென்டர் ஹாஃப் கீழே உட்கார்ந்திருக்கான்? துரைகிட்ட இவனைப் பத்தித்தானே சொல்லிக் கூட்டிண்டு வந்தேன். எழுந்திருடா. மேஸ்திரி, இவனைப் போடும்."

அன்றைக்கு மரியாதை யாருக்கோ, பொறுப்பும் அவருக்கு. செம்பூரில் என்னிடம் சொன்ன சட்டம் அவருக்கு ஞாபகம் இருந்ததோ என்னவோ, இப்போது மாலை அவர் கழுத்தில் இருந்தது. நான் மாமாவைப் பார்த்தேன். எல்லாரும் மாமாவைப் பார்த்தார்கள்.  அவர் துண்டைக் கையில் எடுத்துக்கொண்டு தரையைப் பார்த்தபடி நின்றார். செயலாளர் ஒரு பையனின் சட்டையைக் கழற்றி என் கையில் கொடுத்தார்.

இடைவேளை வரை தாங்கியது. அதற்குப் பிறகு ஒருத்தன் பந்தோடு என்னைத் தாண்டப் போனான், நான் திரும்பினேன், கால் திரும்பவில்லை. உள்ளே அறுந்த சத்தம் எனக்குக் கேட்டது. என்னை வெளியே தூக்கிப் போட்டுவிட்டு மிச்சப் பேர் ஆடினார்கள். ஜெயித்தோம். தேங்காய் உடைத்தார்கள். தலைவர் மாமாவை அழைத்து மாலையைத் திருப்பிப் போட்டு, "உம்ம மண்டகப்படி ஜமாய்ச்சுட்டீர்" என்றார். டாக்டர் மட்டும் என் பக்கத்தில் குந்தியிருந்தார். முழங்காலில் கையை வைத்தவர் எடுக்கவே இல்லை, கண்ணெல்லாம் நிறைந்திருந்தது.

பிறகு நிர்வாகக் குழு கூடியது. என் விஷயத்தில் யார் பொறுப்பு என்று பேசினார்களாம். ஒவ்வொருவரும் தன் நாளில் தான் செய்தது சட்டப்படி சரி என்று காட்டினாராம். உண்மைதான், எல்லாம் சட்டப்படிதான் நடந்தது. தலைவர் ஆப்பிள் பழத்தோடு கோலிக்கே வந்தார். குனிந்து உள்ளே வந்து, அத்தை போட்ட பாயில் உட்கார்ந்து, "யாராவது எங்கிட்டே ஒரு வார்த்தை சொல்லியிருக்கப்படாதா?" என்று கேட்டார். செம்பூரில் நான் போய்ச் சொன்னது அவருக்கு மறந்தே போயிருந்தது, ஆனால் அவருடைய வருத்தமும் நிஜம். மாமா எதிரே உட்கார்ந்து ஆப்பிளையே பார்த்துக்கொண்டிருந்தார்.

தீபாவளி போயிற்று. தேர்வு ஆட்டத்துக்கு மாமா என்னைக் கூட்டிக்கொண்டு போனார். நீ வரியா என்று கூடக் கேட்கவில்லை, வேட்டியை மாற்றிக்கொண்டு வாசலில் வந்து நின்றார். நானும் கம்பை ஊன்றிக்கொண்டு புறப்பட்டேன்.  போகாமல் இருக்க முடியவில்லை. மைதானத்தில் மற்ற டீம்களின் ஆட்கள் கூட்டமாக நின்றார்கள். நாங்கள் ஒரு மரத்தடியில் உட்கார்ந்தோம். மேஜை போட்டு ஒரு குமாஸ்தா பெயர்களைக் கூப்பிட்டுக்கொண்டிருந்தார். கூப்பிடக் கூப்பிட ஒவ்வொருவனாக ஓடிப்போய்ச் சட்டை வாங்கினான்.

என் பெயரைக் கூப்பிட்டார்.

என்னால் வர முடியாது என்று மாகாணத்துக்கு யாரும் சொல்லவில்லை. அது யாருடைய வேலை என்று எங்கள் கிளப்பில் யாருக்கும் தெரியாது. இரண்டாம் தடவை கூப்பிட்டார்.  மாமா எழுந்து மேஜைக்குப் போனார்.

"அவன் ஆட மாட்டான் சாப். வோ நஹி கேலேகா."

குமாஸ்தா நிமிர்ந்தார். நீ யார், கிளப் செயலாளரா, காப்டனா என்று ஹிந்தியில் கேட்டார்.

"மாமா" என்றார் மாமா.

பக்கத்தில் நின்றவர்கள் சிரித்தார்கள். மாமா சொன்னதை எழுதிக்கொள்ள முடியாது, பதவியில் இருக்கிறவர்தான் வந்து சொல்ல வேண்டும் என்று குமாஸ்தா மறுபடி என் பெயரைக் கூப்பிட்டார். அப்போதுதான் மாமாவின் தாராவிக் குரல் வந்தது. துண்டு தோளிலேயே இருந்தது.

"நான் சொல்லுதேன்லா? அவன் ஆட மாட்டான். எந்தத் தொரை வந்தாலும் சரி, எந்தத் தலைவர் வந்தாலும் சரி, எம்புள்ள ஆட மாட்டான்யா."

மைதானம் முழுக்கத் திரும்பிப் பார்த்தது. நான் கம்பை எடுத்துக்கொண்டு எழுந்து அவரிடம் போகப் பார்த்தேன். வேகமாகப் போக முடியவில்லை. என்னை யாருமே ஆடச் சொல்லி வற்புறுத்தாத அந்த மைதானத்தில் நின்று மாமா கத்திக்கொண்டே இருந்தார்.